ஒகினாவாவா, மாத்தாங்கா

பிச்சாவரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் படகுத்துறையில் ஏறி, இருபுறமும் சுரபுன்னை வேர்கள் வளைந்து இறங்கும் குறுகலான வாய்க்காலுக்குள் போய், நிழலில் கொஞ்ச நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்கள் பார்ப்பது காட்டின் கரையோரத்தை மட்டும்தான். படகை ஓர் இடத்தில் கட்டிவிட்டு, முழங்கால் சேற்றில் உள்ளே நடந்தால் காடு மாறிக்கொண்டே போகும். சுரபுன்னை நின்றுவிடும். வெண்கண்டல் வரும், போகப்போகக் குட்டையாகும். அப்புறம் உமரி. அதற்கும் அப்பால் எதுவுமே இல்லாத வெறும் சேறு. சித்திரை, வைகாசியில் அந்தச் சேற்றின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

நான் அந்த வெறும் சேற்றில் வேலை செய்தவள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, அலையாத்திக் காட்டு மண்ணை ஆராய வந்தேன். வீடு அண்ணாமலை நகரில், ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கே. வேலை பாதி பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரைக் கடல்வாழ் உயிரியல் மையத்தில். மீதி கிள்ளைப் பக்கத்துச் சேற்றில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருக்கும் இந்தக் காடு ஏறக்குறைய 1,100 ஹெக்டேர். அதில் கணிசமான பகுதி அப்போது மரமில்லாமல் கிடந்தது. ஏன் மரமில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

யாரைக் கேட்டாலும் விடை தயாராக இருந்தது. மாடு மேய்ந்தது, விறகுக்கு வெட்டினார்கள், இருளர்கள் உள்ளே போய் இறால் தடவுகிறார்கள் என்பார்கள். காட்டோடு வாழ்கிற ஏழைகள் மேல் பழியைப் போடுவது சுலபம். எங்களுக்குப் படகு ஓட்டிய பெரியவர் வேறு சொன்னார்: "நான் சின்னப் பையனா இருக்கப்ப இங்க நின்னா எதிர்ல நிக்கிற ஆள் தெரியாதும்மா. கூப்பு வெட்டுனாங்க. அப்புறம் மொளைக்கவே இல்ல." கூப்பு வெட்டுவது என்றால், காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு துண்டாக மொத்த மரத்தையும் வெட்டி எடுப்பது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய அந்த வழக்கம் எழுபதுகள் வரை இங்கே இருந்தது. மறுபடி முளைத்துவிடும் என்ற நம்பிக்கையில் வெட்டினார்கள். கரையோரத்தில் முளைத்தது. உள்ளே முளைக்கவில்லை.

1996 கடைசியில் எனக்கு வெளிநாட்டில் ஓராண்டு வேலை செய்யும் வாய்ப்பு ஒரே சமயத்தில் இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று ஜப்பான், ஒகினாவா. இன்னொன்று மலேசியா, பேராக் மாநிலத்து மாத்தாங் காடு. இரண்டுக்கும் சேர்த்து விடுப்பு கிடைக்காது. ஓராண்டுக்குத்தான் தடையில்லாச் சான்று தருவார்கள். திரும்பி வந்து இங்கேயே பணிபுரிவேன் என்று பத்திரமும் எழுதித் தரவேண்டும். அந்தப் பத்திரத்தைப் பலர் சுமையாக நினைப்பார்கள். எனக்கு அதுதான் பின்னால் வழிகாட்டியது.

வளாகத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஜப்பானை விட்டுவிட்டு யாராவது மலேசியாவுக்குப் போவார்களா? எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் நேரடியாகவே சொன்னார்: "ஜப்பான்னா உன் பயோடேட்டாவுக்கு ஒரு மதிப்பும்மா. மலேசியாவுக்கு நம்ம ஊர்லேர்ந்து மளிகைக்கடை வைக்கத்தான் போவாங்க." பரங்கிப்பேட்டையில் பேச்சு நேர்மாறாக இருந்தது. அந்த ஊரில் பல வீடுகளில் பினாங்கு, சிங்கப்பூர் என்று யாராவது ஒருவர் போய் வந்திருப்பார். ராஜுலா கப்பலில் போன கதையும், அதன் பிறகு ஓடி 1985இல் தீப்பிடித்து நின்றுபோன 'சிதம்பரம்' கப்பலில் வந்த கதையும் சொல்லப் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மலேசியா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு தெரு. "அங்க நமக்கு ஆள் இருக்கு, தைரியமாப் போங்க" என்று விலாசம் எழுதிக் கொடுக்கவும் வந்தார்கள். இரண்டு தரப்புமே பேசியது நாட்டைப் பற்றி. காட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒகினாவா எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரியூக்யூ பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அலையாத்திச் சூழலுக்கான பன்னாட்டுச் சங்கம் 1990இல் தொடங்கியபோது அதன் தலைமையகம் அங்கேதான் அமைந்தது. அதன் முதல் தலைவர் நம் எம்.எஸ். சுவாமிநாதன். உலகம் முழுவதிலிருந்தும் அலையாத்தி ஆய்வாளர்கள் வந்துபோகிற இடம் அது. தெற்கே இரியோமோத்தே தீவில் ஜப்பானின் மிகப் பெரிய அலையாத்திக் காடு. குளிரோடு போராடுகிற மரங்கள் அவை. வடக்கே ககோஷிமாவின் கீயிரே வரைக்கும் ஒரு இனம் ஏறிப் போய் நிற்கிறது. அதற்கு மேல் இயற்கையாக முளைப்பது இல்லை. மரம் எந்த வெப்பநிலையில் தோற்கிறது, ஏன் தோற்கிறது என்று இலைக்குள் புகுந்து அளக்கும் கருவிகள் அங்கே இருந்தன. எங்களிடம் இருந்ததோ உப்பை அளக்கும் ஒரு ரெஃப்ராக்டோமீட்டரும் மண் எடுக்கும் குழாயும். உதவித்தொகையும் மலேசியாவைவிடப் பல மடங்கு.

மாத்தாங்கில் கருவி இல்லை, பெயர் இல்லை, பணமும் சுமார். ஒரு பல்கலைக்கழகத்தின் சார்பில் தங்க இடமும், படகுக்கும் ஆளுக்கும் செலவும் தருவார்கள். அவ்வளவுதான். ஆனால் மாத்தாங் என்ற பெயரைப் படித்த புத்தகங்களில் எல்லாம் ஒரு விஷயம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. சுமார் 40,000 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 1900களின் தொடக்கத்திலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. கரிக்காகவும் கம்பங்களுக்காகவும் அன்றிலிருந்து வெட்டுகிறார்கள். துண்டு துண்டாகப் பிரித்து, மொத்தமாகத்தான் வெட்டுகிறார்கள். நாம் இங்கே செய்த அதே கூப்பு. ஆனாலும் காடு இருக்கிறது.

ஒருநாள் ராத்திரி வீட்டில் அத்தை தூங்கப் போனபிறகு நானும் என் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அப்போது மகள் மூன்றாம் வகுப்பு. மலேசியாவில் அரசு நடத்தும் தமிழ்ப் பள்ளிகளே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கூட்டிக்கொண்டு போனால் அங்கேயே படிக்கலாமே என்று அவர்தான் ஆரம்பித்தார். சோறு கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும், கோயில் இருக்கும், நினைத்தால் வந்துவிடலாம். எல்லாம் சரிதான். ஆனால் களப்பணி ஆறு மணிக்கு ஓதம் ஏறினால் ஆறு மணிக்கு, நள்ளிரவில் ஏறினால் நள்ளிரவில். குழந்தையைப் படகில் வைத்துக்கொண்டு அது நடக்காது. "பாப்பாவ நான் பாத்துக்கிறேன், நீ போறதுன்னா ஒழுங்கா வேலையப் பாத்துட்டு வா" என்று அத்தை மறுநாள் காலையில் முடிவாகச் சொல்லிவிட்டார். அத்தோடு மலேசியாவின் சௌகரியக் கணக்கு பாதி அடிபட்டது. மகள் இங்கே இருக்கப்போகிறாள் என்றால், அங்கே தமிழ்ப் பள்ளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அது எனக்கு நல்லதாகப் போயிற்று. வசதியை எடுத்துவிட்டு, பணத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது ஒரே கேள்விதான்: திரும்பி வந்து கிள்ளைச் சேற்றில் இறங்கும்போது கையில் என்ன இருக்கும்? ஒகினாவா ஒரு இலையைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லித் தரும். எனக்கு அதில் ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும். பிச்சாவரத்தில் குளிர் பிரச்சினை இல்லை. இங்கே கொல்வது உப்பு. வெட்டியதால் உப்பு வந்ததா, உப்பு வந்ததால் முளைக்கவில்லையா, வேறு எங்கேயாவது வெட்டியும் முளைத்திருக்கிறதா, அப்படியானால் அங்கே இருந்து இங்கே இல்லாதது எது? இதற்கு விடை வெட்டிக்கொண்டே இருக்கிற காட்டில்தான் இருக்கும். ஆய்வாளர் ஒருவர் தன் பெயருக்காக நாட்டைத் தேர்ந்தெடுப்பதைக் குறை சொல்லமாட்டேன். ஆராய்ச்சியில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட மண்ணுக்கு வேலை செய்கிறவர், அந்த மண்ணின் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1997 தொடக்கத்தில் சுபாங் விமான நிலையத்தில் இறங்கி, கோலாலம்பூரிலிருந்து ரயிலில் தாய்ப்பிங் போனேன். மழை என்றால் அப்படி ஒரு மழை. நம் கடலூர்க் கரையில் ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டர் அளவில் பெய்யும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்ச மாதமெல்லாம் வெயில். தாய்ப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று, பெய்வதும் ஆண்டு முழுக்க. அங்கிருந்து கடலை நோக்கிப் போனால் கோலா செபத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தாய்ப்பிங்கிலிருந்து இங்கேதான் போடப்பட்டது. இப்போது தண்டவாளம் இல்லை. சீனர்களின் மீன்பிடிக் கிராமமும், கரிச் சூளைகளும், பின்னால் காடும்தான்.

சூளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கல்லில் கட்டிய உயரமான கும்மட்டங்கள். வெட்டி வந்த சுரபுன்னைத் துண்டுகளைப் பட்டை உரித்து, உள்ளே செங்குத்தாக அடுக்கி, வாசலை அடைத்து, வெளியிலிருந்து தீ காட்டுவார்கள். மரம் எரியக்கூடாது, வெந்து வற்றவேண்டும். அது வாரக்கணக்கில் நடக்கும். உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்க வழியில்லை. புகையின் நிறத்தையும் வாசனையையும் வைத்து எப்போது வாசலை மூடுவது, எப்போது ஆறவிடுவது என்று முடிவு செய்வார்கள். எனக்கு அதைக் காட்டிய முதியவர் வெப்பமானி வைத்துக்கொள்ளவில்லை. மூக்கில் வாங்கிய ஒரு இழுப்பிலேயே சொல்லிவிடுவார். அந்தக் கரியில் ஒரு பகுதி ஜப்பானுக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. நான் போகாமல் விட்ட நாட்டின் அடுப்புகளுக்கு.

காட்டுக்குள் நடப்பது இதுதான். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு துண்டு முழுவதும் வெட்டப்படும். ஆற்றங்கரையோரம் ஒரு பட்டை மரங்களைத் தொடமாட்டார்கள். வெட்டிய கிளைகள் மட்கும் வரை விட்டுவைப்பார்கள். பிறகு தானாக முளைத்தது எவ்வளவு என்று பார்த்து, போதாத இடத்தில் நடுவார்கள். சுரபுன்னைக்கு விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். அதை எடுத்துச் சேற்றில் குத்தினால் போதும். 15ஆம் ஆண்டில் ஒருமுறை, 20ஆம் ஆண்டில் ஒருமுறை இடையில் நெருக்கத்தைக் குறைக்க வெட்டுவார்கள். முதல் முறை நாலடிக் கோலை வைத்துக்கொண்டு, நிறுத்தும் மரத்தைச் சுற்றி அந்தக் கோல் எட்டுகிற தூரத்தில் நிற்கும் மற்ற மரங்களை எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை ஆறடிக் கோல். அந்தக் கம்பங்கள் கட்டட வேலைக்குப் போகும். முப்பதாம் ஆண்டு மறுபடி மொத்தமும் வெட்டு, சூளை.

நான் வெட்டி ஓராண்டு ஆன இடம், ஐந்தாண்டு ஆன இடம், பதினைந்தாண்டு ஆன இடம் என்று பிரித்துக்கொண்டு மண் நீரில் உப்பை அளந்தேன். கூடவே நிலமட்டத்தையும். அந்த ஆண்டு எல் நினோ ஆண்டு என்பதால் மழை வழக்கத்தைவிடக் குறைந்தது. செப்டம்பரில் இந்தோனேசியக் காடுகள் எரிந்த புகை மூடி, நண்பகலிலேயே எதிர்க்கரை தெரியவில்லை. முகமூடி கட்டிக்கொண்டுதான் படகில் போனோம். ஆண்டின் பிற்பகுதியில் ரிங்கிட் சரிந்து என் உதவித்தொகையின் மதிப்பும் கரைந்தது; வீட்டுக்கு அனுப்பிய பணம் அத்தைக்கே போதவில்லை. ஆனால் ஆய்வுக்கு அந்த வறட்சி பெரிய உதவி. மழை நின்ற மாதங்களில் புதிதாக வெட்டிய இடங்களில் உப்பு ஏறியதைப் பார்த்தேன். மாத்தாங்கிலும் வெட்டிய நிலம் காய்ந்தால் உப்பு ஏறத்தான் செய்கிறது. வித்தியாசம் அதற்குப் பிறகு. மலாக்கா நீரிணையின் ஓதம் அமாவாசை, பௌர்ணமியில் இரண்டு மீட்டரைத் தாண்டி ஏறி இறங்கும். ஏறிய தண்ணீர் முழுக்க வடிந்து போகும், போகும்போது உப்பை அள்ளிக்கொண்டு போகும். மழை மறுபடி வந்ததும் மிச்சத்தையும் கழுவிவிட்டது.

பிச்சாவரத்தில் ஓதம் ஒரு மீட்டரும் இல்லை. இங்கே வெட்டிய இடத்தில் வெயில் நேராக இறங்கியது. களிமண்ணில் இருந்த ஈரம் ஆவியாக, வேர்க்கூளம் மட்கிச் சுருங்க, நிலம் அமிழ்ந்து பள்ளமாயிற்று. வெட்டாத கரையோரம் வரப்பாக உயர்ந்து நின்றது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. தேங்கி, காய்ந்து, உப்பை விட்டுவிட்டு, அடுத்த ஓதத்தில் மறுபடி தேங்கி, கோடையில் கடல்நீரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உப்பு. கடலில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த விதை அதில் முளைக்கும்? இதற்கு மேல், கொள்ளிடத்திலிருந்து வரும் நல்ல தண்ணீர் மேலே அணைகள் வரவரக் குறைந்துகொண்டே போயிற்று. சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து கடல் வரத்தும் இளைத்தது. கோடரி இரண்டு காட்டிலும் ஒன்றுதான். மழையும் ஓதமும் சேர்ந்து அங்கே மன்னித்ததை இங்கே யாரும் மன்னிக்கவில்லை. மாடும் இருளரும் செய்தது இந்தக் கணக்கில் கடைசி வரியில்கூட வராது.

இதே முடிவுக்கு இங்கேயே வேறு வழியில் வந்திருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டு தொண்ணூறுகளில் பிச்சாவரத்தில் வாய்க்கால் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன் முள்போலச் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். ஓதம் உள்ளே வரும், வடியும், உப்பு இறங்கும், கரைகளில் வெண்கண்டல் நடலாம். நான் திரும்பி வந்தபோது அது வேலை செய்வது கண்ணுக்கே தெரிந்தது. மாத்தாங் எனக்குக் கொடுத்தது, அது ஏன் வேலை செய்கிறது என்கிற உறுதி. வாய்க்கால் என்பது நாம் கையால் வெட்டிக் கொடுத்த ஓதம். இங்கே இல்லாத ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்துக்குப் பதில் மண்வெட்டி. அதனால்தான் சுரபுன்னைக்குப் போகாமல் முதலில் வெண்கண்டலைப் போடச் சொல்லி வாதாடினேன். அது உப்பை அதிகம் தாங்கும். மாத்தாங்கில் சுரபுன்னை ஒன்றையே நட்டு நட்டுக் காடு ஒரே முகமாகிப் போனதையும், விளைச்சல் முன்போல இல்லை என்று அந்த ஊர் வனத்துறையினரே கவலைப்பட்டதையும் பார்த்திருந்தேன். உலகின் மிகச் சிறந்த அலையாத்தி நிர்வாகம் என்று அதைப் புகழ்கிறவர்கள் அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

ஒகினாவா போகாததால் இழந்தது என்ன என்று இளையவர்கள் கேட்பதுண்டு. இழப்பு உண்டு. இலை அளவில் உப்பு என்ன செய்கிறது என்பதை நான் இன்றும் மற்றவர் எழுதியதைப் படித்துத்தான் பேசுகிறேன். இரியோமோத்தேயை நான் பார்த்ததில்லை. அங்கே போயிருந்தால் கிடைத்திருக்கும் தொடர்புகள் பிறகு வேறு பல கதவுகளைத் திறந்திருக்கும். சம்பளத்திலும் பதவி உயர்விலும் அது தெரிந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே பிச்சாவரத்தில் ஒரு சுரபுன்னைக் கலப்பினம் இருக்கிறது. பேராசிரியர் கதிரேசன் கண்டுபிடித்து 'ரைசோஃபோரா அண்ணாமலையானா' என்று பெயரிட்டது. அதன் உடலியலை ஆராய எனக்கு அந்தக் கருவிப் பயிற்சி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மாத்தாங்கிலிருந்து நான் கொண்டுவந்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது அளவுகள் இல்லை, ஒரு பழக்கம். அங்கே வனத்துறை அலுவலகத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பதிவு இருக்கும். எப்போது வெட்டினார்கள், யார் எடுத்தார்கள், எவ்வளவு முளைத்தது, எப்போது நட்டார்கள், எப்போது நெருக்கம் குறைத்தார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தைத் திருத்தி எழுதுகிறார்கள். அதிகாரி மாறுவார், கட்சி மாறும், பதிவேடு அடுத்த மேசைக்குப் போகும். நம் கூப்புகளுக்கு அப்படித் தொடர்ச்சியான பதிவு கிடைத்திருந்தால் எந்தப் பள்ளம் எந்த ஆண்டு வெட்டினது என்று படகோட்டிப் பெரியவரின் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

எனவே திரும்பி வந்ததும் வாய்க்கால்களுக்கு ஒரு நோட்டுத் தொடங்கினேன். ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் ஒரு எண். வெட்டிய மாதம், ஆழம், கோடையில் உப்பு, மழைக்குப் பின் உப்பு, நட்டது, நின்றது. மாணவர்கள் மாறி மாறி எழுதினார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் சில மாதம் எழுதவில்லை, அப்போது எம்.ஜி.ஆர். திட்டிலும் முழுக்குத்துறையிலும் ஆட்களைத் தேடுவதும் இருந்தவர்களுக்குச் சோறு போடுவதும்தான் வேலை. அதன் பிறகு எழுதிய பக்கங்களில், எந்த வாய்க்காலில் எவ்வளவு மண் வந்து அடைத்தது என்று இருக்கிறது. தூர் வாராத வாய்க்கால் சில ஆண்டுகளிலேயே மேடாகிவிடுகிறது, மேடானதும் உப்பு பழைய இடத்துக்கு ஏறத் தொடங்குகிறது. நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அது தெரியும். வாய்க்கால் வெட்ட நிதி கிடைக்கிறது. தூர் வார நிதி கேட்டால் "அது ஏற்கனவே முடிந்த திட்டம்தானே" என்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்றபின் அந்த நோட்டு என் மாணவி ஒருத்தியிடம் இருக்கிறது. போன வாரம் போன் செய்து, கிள்ளைப் பக்கத்தில் அடைத்துக்கொண்டிருக்கும் கிளை வாய்க்கால்களின் எண்களை வாசித்தாள். ஐப்பசி மழைக்கு முன்னால் தூர் வாரிவிட்டால் இந்த வருஷத்து நல்ல தண்ணீர் உள்ளே இறங்கும். ஆள் கூலிக்கு யாரைக் கேட்பது என்று இருவரும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.